சொந்தக்காரர் இல்லாத நாடு

காலையில் எழுந்ததும் றொஜர் ஜன்னலைத் திறப்பான். மோக்கா என்ற கோப்பிக் கேத்தலில் தண்ணீர் விட்டு, கோப்பித்தூள் போட்டு அடுப்பில் வைப்பான். அது கொதித்து மேலேறும் நேரத்தில் முகம் கழுவிச் சவரம் செய்வான். கோப்பியில் பால்மாவைக் கரைத்துக் குடிப்பான். முதல்நாள் பாணில் இரண்டு துண்டு தின்பான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான். ஜன்னலைச் சாத்துவான். பலேர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்புறம் இருந்த அந்த நாலாம் மாடி வீட்டிலிருந்து இறங்கி, கால்சா என்ற பழைய பகுதிக்கு நடப்பான். மழை என்றால் குடை, வெயில் என்றால் தொப்பி. ஞாயிற்றுக்கிழமையும் இதேதான், போகிற இடம் மட்டும் கோயில்.

கால்சாவில் ஒரு பழைய மாளிகையின் இரண்டாம் மாடியில் நான்கு அறைகளை டொனாத்தெல்லா என்ற இத்தாலியச் சிஞ்ஞோரா உல்லாசப் பயணிகளுக்கு விட்டிருந்தாள். அவளிடம் றொஜருக்கு வேலை. கீழே உள்ள கடையிலிருந்து காலைச் சாப்பாட்டுக்குக் கொர்னெத்தோ பணிஸ் வாங்கி வருவான், தோடம்பழம் வெட்டி வைப்பான், கட்டில் விரிப்புகளை மாற்றுவான், குளியலறை கழுவுவான், வருகிறவர்களின் பெட்டியை மாடிக்கு ஏற்றுவான். அவர்கள் எங்கே போகலாம் என்று கேட்டால் சொல்லுவான். பலேர்மோவில் பார்க்க வேண்டிய இடங்களெல்லாம் அவனுக்குப் பாடம். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அது அழகா என்று யாராவது கேட்டால் "மோல்த்தோ பெல்லோ", மிக அழகு, என்பான். பார்த்துவிட்டு வந்த ஒருவரும் இதுவரை முறைப்பாடு செய்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விஷயம்தான் அவனுக்கு விளங்காமல் இருந்தது. இந்த உல்லாசப் பயணிகளின் பெட்டிகள் பாரமில்லாமல் இருந்தன. பத்து நாள் இருக்க வருகிறவன் முதுகில் ஒரு பையோடு வந்து நின்றான். யாருக்கும் கொடுக்க ஒரு பார்சல்கூட அவனிடம் இல்லை. விமான நிலையத்துக்கு யாரும் போய் அவனை ஏற்றி வரவில்லை. வேண்டிய நேரத்தில் எழும்பினான், வேண்டிய பக்கம் போனான், மத்தியானம் வந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டுத் திரும்பவும் போனான். இந்த ஊரில் அவனுக்கு ஒரு சித்தப்பாகூட இல்லை.

இதை ஒரு புதினமாக றொஜர் தன் மனைவியிடம் சொன்னான். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். ஜெனுஷாவுக்கு அது புதினமாகப் படவில்லை. அவள் பலேர்மோவில் பிறந்தவள், பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் இருந்தவள், தமிழையும் சிசிலியாக்காரர் மாதிரி இழுத்துக் கதைக்கிறவள். அவள் சொன்னாள், அவர்கள் செய்கிறதுதான் பயணம், நாங்கள் செய்கிறது வீடு மாறிச் சாப்பிடுகிறது.

அவள் சொன்னதில் பிழையில்லை. பிறகு வந்த வருடங்களில் அவர்கள் இருவரும் பாரிசுக்குப் போனார்கள்; தங்கியது பெரியம்மா வீட்டில். ஈபிள் கோபுரத்தைக் கண்டது காருக்குள்ளிருந்து. ஓட்டிய மச்சான் "அந்தா" என்றான். நிறுத்தவில்லை, வீட்டில் புட்டு ஆறிப்போகும் என்றான். லண்டனில் ஒரு கல்யாண மண்டபமும், ஒரு பூப்பு நீராட்டு மண்டபமும், ஒரு செத்தவீட்டு மண்டபமும் பார்த்தார்கள். சுவிசின் பனிமலைகளை ஜெனுஷா வெங்காயம் உரித்தபடி குசினி ஜன்னலால் பார்த்தாள். ஜேர்மனியில் நின்ற ஊரின் பெயர் றொஜருக்கு இன்றுவரை தெரியாது. அது மாமா வீடு, அவ்வளவுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அவன் படித்தது புவியியல் என்பதை இந்த இடத்தில் ஜெனுஷா ஒவ்வொரு தடவையும் நினைவூட்டுவாள்.

சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத ஒரு நாட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் முடிவெடுத்தாள். வெயில் நாடாக இருக்க வேண்டும், சோறு கிடைக்க வேண்டும், பயணக் கம்பனி எதுவும் கூட்டிப் போகக்கூடாது. தாங்களே பஸ் பிடித்து, தாங்களே அறை எடுத்து, ஒரு தடவையாவது வழி தவற வேண்டும்.

மாலைகளில் தேடல் தொடங்கியது. அவள் நாட்டின் பெயரைச் சொல்லுவாள். அவன் யோசித்து ஆளின் பெயரைச் சொல்லுவான். மலேசியா: சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூர்: அவளுடைய ஞானத்தாய். தாய்லாந்து: அகதி அட்டையோடு பாங்கொக்கில் நிற்கும் இரண்டு மச்சான்மார். இந்தோனேசியா: கப்பல் பழுதாகி இறங்கி, அங்கேயே கல்யாணம் கட்டிய அவனுடைய ஊர்ப் பெடியன். பிலிப்பைன்ஸ்: அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை, கன்னியாஸ்திரி. கம்போடியா: கண்ணிவெடி அகற்றப் போன மன்னார் ஆள் ஒருவர், தூரத்துச் சொந்தம், ஆனால் தெரிந்தால் விடமாட்டார். வியட்நாமில் யாரும் இல்லையென்று நம்பி இரண்டு நாள் சந்தோசமாக இருந்தார்கள். பிறகு, ஸ்தாசியோனேக்குக் கிட்ட மளிகைக்கடை வைத்திருக்கும் விக்னராஜாவின் தம்பி முந்திரிப்பருப்பு வாங்க அங்கே போய், அங்கேயே நின்றுவிட்டது தெரிந்தது.

லாவோஸ் என்று அவள் சொன்னபோது அவன் வெகுநேரம் யோசித்தான். ஊரிலிருந்த தாயிடமும் கேட்டான். அது ஆபிரிக்காவிலோ என்று தாய் கேட்டாள். அந்தக் கேள்வியே ஜெனுஷாவுக்குப் போதுமாக இருந்தது. பாங்கொக்கில் இறங்குவது, ரயிலில் எல்லைக்குப் போவது, மேகொங் ஆற்றைக் கடப்பது, தலைநகர் வியென்தியானில் நிற்பது, பிறகு வடக்கே போய், அந்தப் பெரிய ஆற்றில் இரண்டு நாள் மெல்லப் போகிற படகில் ஏறுவது. படகு எங்கே போனாலும் பரவாயில்லை என்றாள்.

அந்த மாசி மாதம் ஜெனுஷா இறந்துபோனாள். மூளையில் ஒரு இரத்தக்குழாய் வெடித்தது. வயது முப்பது.

அதற்குப் பிறகு றொஜர் எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்லப் பழகினான். சாப்பாடு கொண்டுவரட்டோ என்றால் ஓம். பூசைக்கு வாறியோ என்றால் ஓம். சுகமோ என்றால் ஓம். இல்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும்; காரணத்துக்குப் பதில் வரும்; அந்தப் பதிலுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். ஓம் என்றால் கதை முடிந்துவிடும்.

ஆண்டுத் திருப்பலி முடிந்த கிழமை, இரண்டாம் அறையில் பாதி விரித்த கட்டிலின் விளிம்பில் இருந்து, போனில் ஒரு ரிக்கற் வாங்கினான். பலேர்மோவிலிருந்து றோம், றோமிலிருந்து பாங்கொக். ஒருவருக்கு. ஏன் வாங்கினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. வாங்கிவிட்டு மற்றப் பாதிக் கட்டிலையும் விரித்தான்.

சிக்கல் தவக்காலத்தால் வந்தது. ஒவ்வொரு தவக்காலத்திலும் தமிழ்ப் பங்குக் கோயிலில், யேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ் நாடகம் போடுவார்கள். அதைப் பழக்குகிறவர் அகஸ்ரின். ஒரு மாடி வீட்டுத் தொகுதிக்கு வாயில் காவலர், நாடகத்தில் பிலாத்து. றொஜர் ஐந்து வருடமாக றோமச் சேவகன். றோமர்களின் நாட்டிலேயே றோமச் சேவகனுக்குத்தான் தட்டுப்பாடு என்று அகஸ்ரின் குறைப்படுவார். யேசுவுக்கு எத்தனை பேரும் வருவார்கள். ஒத்திகைக்கு வராவிட்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். யூதாசுக்கு அப்பெண்டிக்ஸ் வெட்டிய வருடம், தையல் போட்ட நான்காம் நாளே அவனை மேடையில் ஏற்றியவர்.

அதனால் இரண்டு ஞாயிறு வரமுடியாது என்று றொஜர் முன்கூட்டியே சொல்லப் போனான். அகஸ்ரினின் மனைவி றோசமலரும் பக்கத்தில் நின்றாள். ஏன் என்று கேட்டார்கள். லாவோஸ் பார்க்கப் போகிறேன் என்றான். எந்த வழியால் என்று றோசமலர் கேட்டாள். பாங்கொக் வழியால், அங்கே இரண்டு நாள் நிற்பேன் என்றான்.

றோசமலர் "பாங்கொக்கோ" என்று மட்டும் சொன்னாள். அவள் முகம் விடிந்தமாதிரி ஆனது. அகஸ்ரின் கோபப்படவில்லை. சந்தோசமாகப் போட்டு வா தம்பி, ஈட்டி பிடிக்க வேறு ஆள் பார்க்கலாம் என்று தோளில் தட்டினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பலேர்மோத் தமிழரிடையே ஒரு தனி ஆண் கிழக்கே போகும் விமானத்தில் ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முந்திய காலத்தில் அகதிப் பேப்பரோடு இருந்த பெடியன்கள் ஊருக்குப் போக முடியாது, வேறு நாட்டுக்குப் போகலாம். பெண்ணை ஊரிலிருந்து யாராவது ஒரு மாமன் பாங்கொக்குக்கோ சிங்கப்பூருக்கோ கூட்டி வருவார். இவன் இங்கிருந்து போவான். பார்ப்பார்கள், கதைப்பார்கள், பிடித்தால் அங்கேயே மோதிரமும் மாற்றிவிடுவார்கள். பிறகு எல்லாருக்கும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி வந்தது, பாஸ்போட் வந்தது, ஊருக்கே நேராகப் போகலாம் என்றும் ஆனது. ஆனால் பழக்கம் போகவில்லை. மனைவியை இழந்தவன் என்றால் ஆண்டுப் பூசை முடியும்வரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். முடிந்த பிறகும் அவனிடம் நேரே கேட்கமாட்டார்கள். கேட்டால் வெட்கப்பட்டுக் குழப்பிவிடுவான். அவன் ரிக்கற் எடுத்தால் அதுவே சம்மதம். மிச்சத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

றொஜருக்கும் இந்த வழக்கம் தெரியும். தன்னைப் பற்றியது என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒரு வருடமாக அவனுக்கு எதுவுமே தன்னைப் பற்றியது என்று தோன்றவில்லை.

ஊர் நல்லாக நடந்துகொள்ளத் தொடங்கியது. அகஸ்ரின் அவனைத் தன்னுடைய பார்பரிடம் கூட்டிப் போய், பின்பக்கம் நின்று, காதடியில் எப்படி வெட்ட வேண்டும் என்று இத்தாலியனுக்குச் சொல்லிக்கொடுத்தார். சிஞ்ஞோரா டொனாத்தெல்லாவுக்கும் எப்படியோ செய்தி போய், அவள் அவனுடைய கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி "அவுகுறி" என்றாள். உல்லாசப் பயணத்துக்கும் வாழ்த்துச் சொல்வார்கள் போல என்று அவன் நினைத்தான்.

விக்னராஜாவின் வருத்தம் வேறு. தங்கள் ஆட்கள் இல்லாத ஒரு நாடு பூமியில் இருக்கிறது என்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடையில் ஆள் குறைந்த நேரமெல்லாம் வட்ஸ்அப் குழுக்களில் லாவோஸைத் தேடினார். நோர்வேயில் கேட்டார், கனடாவில் கேட்டார், அவுஸ்திரேலியாவில் கேட்டார். ஒரு கிழமைக்குப் பிறகு றொஜரைக் கூப்பிட்டு, அங்கே ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடை இருக்கிறதாம், முதலாளி திருநெல்வேலியாம் என்று தோற்றுப்போன குரலில் சொன்னார். "இந்தியாக்காரர்தான் முந்தியிட்டாங்கள். நாங்கள் நித்திரை கொண்டிட்டம், தம்பி." பிறகு கடைக்குப் பின்னாலிருந்து புதுப் பெட்டி ஒன்றை இழுத்து வந்தார். நல்ல காரியத்துக்குப் பழைய பெட்டியோடு போகக்கூடாது என்றார். றொஜர் ஓம் என்றான். பெட்டிக்குள் ஏற்கெனவே பாதாம் இனிப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

பயணத்துக்கு ஒரு கிழமை இருக்க, றோசமலர் வீட்டுக்கு வந்தாள். ஒரு கடதாசிப் பையை மேசையில் வைத்து, இதையும் பெட்டியில் வை, அங்கே கொடுக்க என்றாள். லாவோஸில் யாருக்குக் கொடுப்பது என்று றொஜருக்கு விளங்கவில்லை. பையைத் திறந்தான். பட்டுச் சேலை, மயில்கழுத்து நிறம்.

"இது ஆருக்கு அக்கா?"

றோசமலர் அவனைப் பார்த்துச் சிரித்தாள். "நடியாதையும். மன்னார்ப் பிள்ளை. பேர் அனிற்றா. பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறா. தாய்மாமனோடை பாங்கொக்குக்கு வாறா. நீர் இறங்கிற அண்டுதான் அவையும் இறங்குகினம். கோயில் ஒண்டு இருக்காம், அங்கை சந்திக்கலாம் எண்டு மாமன் சொன்னவர்."

றொஜர் கதிரையில் இருந்தான். ஒரு மாதத்துச் சிரிப்புகளும் தட்டல்களும், தலைமயிர் வெட்டும், பெட்டியும், கிள்ளுப்பட்ட கன்னமும் ஒன்றன்பின் ஒன்றாக அவனுக்கு விளங்கின.

"அக்கா, நான் லாவோஸ் பாக்கத்தான் போறன்."

"பாருமன். ஆர் வேண்டாமெண்டது? பொம்பிளையையும் பாத்திட்டு லாவோஸையும் பாரும். அப்பிடி என்ன கிடக்கு அங்கை?"

"ஆறு."

"இஞ்சை கடலே கிடக்கு," என்றாள் றோசமலர். போனை எடுத்துப் படத்தையும் நம்பரையும் அவனுக்கு அனுப்பினாள். அனிற்றா நல்ல பிள்ளை, நாலு இடம் வந்து சரிவரவில்லை, இதற்குத்தான் உடனே ஓம் என்றவள் என்று சொன்னாள். தலையைத் தடவிவிட்டுப் போனாள். அவளை மறித்து இல்லை என்று சொல்ல றொஜர் வாயைத் திறந்தான். நெடுநாள் திறக்காத பூட்டுப் போல அந்தச் சொல் இறுகிக் கிடந்தது.

மறுநாள் காலையில் வழக்கம்போல மோக்காவை வைத்தான், வழக்கம்போல நடந்தான், நான்கு அறைகளையும் செய்து முடித்தான். கணக்கு எளிது. பாங்கொக்கில் இறங்கி, அந்தப் பெண்ணைப் பார்க்காமல் ரயில் ஏறினால், மன்னாரில் அவளுக்குப் பேச்சு. மாப்பிள்ளை இவ்வளவு தூரம் வந்தும் எட்டிப் பார்க்காமல் போனான் என்பார்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அது இன்னும் மோசம். ஒரு பிழையும் செய்யாத பிள்ளை. ஒரே வழி, பயணத்தையே விடுவது. காய்ச்சல் என்று சொல்லலாம். அவன் போகாவிட்டால் ஒருவருக்கும் அவமானமில்லை. லாவோஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். அவன் ஜன்னலைத் திறந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருப்பான், அடுத்த மாசிவரை, அதற்கடுத்த மாசிவரை.

ரிக்கற்றை ரத்துச் செய்யும் இடம்வரை போனில் போனான். அழுத்தவில்லை. பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு முதலில் சொல்ல வேண்டும், மற்ற வாய்களால் அல்ல, தன் வாயால் என்று நினைத்தான். ஈரத் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். விரிப்புகளைக் கொடியில் போட்டான். கூரைகளுக்கு அப்பால் துறைமுகத்தில் நாப்போலி நகருக்குப் போகும் கப்பல் வெள்ளையாக நின்றது. மன்னாரில் இப்போது பள்ளிக்கூடம் விட்டிருக்கும். அழைத்தான்.

பெண்குரல் ஒன்று எடுத்தது. தான் பலேர்மோ றொஜர் என்றான். வீட்டுக்குள்ளிருந்து வெளியே வருகிற செருப்புச் சத்தமும், ஒரு கேற்றின் சத்தமும் கேட்டன. பிறகு, சொல்லுங்கோ என்றாள்.

அவன் சொன்னான். ஒரு வருடத்தில் பேசாத அளவு சொற்களைத் தொடர்ந்து பேசினான். தான் ஊர் பார்க்கத்தான் ரிக்கற் எடுத்தது, கல்யாண எண்ணமே இல்லை, யாரும் கேட்கவில்லை, தானும் கவனிக்கவில்லை, அவளில் ஒரு குறையும் இல்லை, பயணத்தை நிற்பாட்டப்போகிறேன், காய்ச்சல் என்று சொல்லிவிடுவேன், மன்னிக்க வேண்டும்.

சொல்லி முடித்ததும் போனைக் காதோடு அழுத்தினான். அழுகிறாளோ என்று பயந்தான்.

"ஐயோ, நிப்பாட்டிப் போடாதேங்கோ," என்றாள் அனிற்றா. "நீங்கள் வராட்டி என்னை ஆர் பாங்கொக்குக்கு விடப்போயினம்?"

"விளங்கேல்லை."

"எனக்கும் கல்யாணத்திலை விருப்பம் இல்லை. இப்ப இல்லை. ஆனா பாங்கொக் பாக்க விருப்பம். நான் மடுவுக்குப் போயிருக்கிறன், யாழ்ப்பாணம் போயிருக்கிறன், கொழும்புக்கு ரெண்டுதரம் போயிருக்கிறன், ரெண்டுதரமும் கண்டது மாமி வீட்டு விறாந்தை. ஆத்துக்குள்ளை பஸ் மாதிரிப் போட் ஓடுதாம் அங்கை. மாமாவுக்கு முழங்கால் ஏலாது. ஹோட்டல்லை ரீவி பாப்பார். அதுக்குப் பிறகு நான் என்ரை பாடு."

அப்படியென்றாலும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வது உங்களுக்குத்தானே அவமானம் என்றான்.

"நீங்கள் ஏன் சொல்லுறியள்? நான் சொல்லுறன். கோயில் வாசல்லை ஒரு அரைமணித்தியாலம் கதைப்பம். மாமா படம் எடுப்பார். நீங்கள் உங்கடை ரயிலைப் பிடியுங்கோ. ஊருக்குப் போய் நான் வேண்டாமெண்டிடுவன். வெளிநாட்டு மாப்பிளையை வேண்டாமெண்டவள் எண்டு பேர் எடுத்தால் ரெண்டு வருசத்துக்கு ஒருத்தரும் என்ரை வாசலுக்கு வரமாட்டினம். எனக்கு அந்தப் பேர்தான் தேவை."

"என்ன காரணம் சொல்லுவியள்?"

"படத்தைப் பாத்தனான். நெத்தி கொஞ்சம் ஏறித்தான் கிடக்கு. அதைச் சொல்லலாம்."

றொஜருக்குச் சிரிப்பு வந்தது. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்து மொட்டைமாடியில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்து பார்த்தார்.

இது பொய் இல்லையா என்று அவன் கேட்டான். பொய் எங்கே இருக்கிறது, பார்ப்போம், கதைப்போம், சரிவராது என்போம், மற்றவர்களும் அதைத்தானே செய்கிறார்கள், நாங்கள் முடிவை முந்தி எடுத்துவிட்டோம், அவ்வளவுதான் என்றாள் அவள். பள்ளிக்கூடத்தில் அவளிடம் படிக்கிற பிள்ளைகளை நினைத்து அவனுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. பிறகு றோசமலர் தந்த சேலையின் கதையைச் சொன்னான். என்ன நிறம் என்று கேட்டாள். மயில்கழுத்து என்றான். மறக்காமல் கொண்டுவாருங்கள், ஊருக்குப் போனதும் அந்த அக்காவுக்கே பத்திரமாக அனுப்பிவிடுவேன், ஆனால் படத்துக்கு ஒருக்கால் உடுத்துவேன் என்றாள்.

"அப்ப போறியள்தானே?" என்று கேட்டாள்.

"போறன்," என்றான். சொன்ன பிறகுதான், அது வழக்கமான ஓம் இல்லை என்பது அவனுக்கே பட்டது.

காற்று எழும்பி விரிப்புகள் படபடத்தன. அவள் போனை வைக்கவில்லை. லாவோஸில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பெரிய ஆறு, மெல்லப் போகிற படகு, சொந்தக்காரர் ஒருவரும் இல்லை என்றான். நல்ல இடம்போல என்றாள். யாருடைய யோசனை இது என்று கேட்டாள்.

"ஜெனுஷாவின்ரை. என்ரை மனுசியின்ரை."

அனிற்றா மெதுவாக, ஆனால் ஒரு ரீச்சரின் குரலில் கேட்டாள். "சொந்தக்காரர் இல்லாத இடத்துக்குத்தான் போறதெண்டால், பின்னை ஏன் ஊர் முழுக்கச் சொன்னனீங்கள்?"

நாப்போலிக் கப்பல் ஊதியது. அது முடியும்வரை றொஜர் காத்திருந்தான்.

பிறகு, கேட்ட யாருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னான். ஜெனுஷா விழுந்த அன்றைக்கும் இதே வேலைதான், மூன்றாம் அறையில் தலையணைக்கு உறை போட்டுக்கொண்டு நின்றேன், ஜெனுஷா வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள், எனக்குப் போன் அடித்தாள். லாவோஸ்தான் என்று முடிவாகச் சொன்னாள். படகின் படத்தை அனுப்பியிருக்கிறேன், பாருங்கள் என்றாள். இறங்கும் இடம் வந்துவிட்டது என்று அவசரப்பட்டாள். வீட்டுப் படியில் விழுந்திருந்தாள், நான் போகும்போது நினைவில்லை, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள், கண் திறக்கவில்லை. கோயிலில் எல்லாரும் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னவள் என்று. மாதாவைக் கூப்பிட்டவள் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது.

"உண்மையிலை என்ன சொன்னவ?" என்றாள் அனிற்றா.

பஸ் நிற்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், ஜெனுஷாவின் மூச்சு, அந்தச் சிசிலியா இழுவை, எல்லாம் றொஜரின் காதுக்குள் அப்படியே இருந்தன. அவள் சொன்னதை அதே இழுவையில் சொன்னான்.

"இஞ்சையப்பா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. எல்லாரும் வெளிக்கிட்டு வந்திடுவினம்."